உரிமம் பெற்றவர்

பிப்ரவரி 6, திங்கள்

இந்த டைரி உரக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேப்பம்புண்ணாக்கு மூட்டையின் படம். ஒரு மாதமாக இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். யாரிடமாவது கத்தியே ஆக வேண்டும். அலுவலகத்தில் கத்தினால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

விஷயம் இதுதான். எங்கள் உவர்நில ஆராய்ச்சி நிலையத்தில் மண் கணக்குப் போட்டு வரைபடம் எடுக்கும் மென்பொருளின் உரிமம் மார்ச் 31-இல் முடிகிறது. புதிதாக எந்த வகை உரிமம் வாங்குவது என்று பரிந்துரைக்க ஒரு குழு. தலைவர் இயக்குநர் டாக்டர் ஞானசம்பந்தம். இரண்டு விஞ்ஞானிகள், தஞ்சாவூரிலிருந்து ஒரு வெளி உறுப்பினர். உறுப்பினர்-செயலர், கணினி அறைத் தொழில்நுட்ப அலுவலர் மங்கையர்க்கரசி, அதாவது நான். கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. டீக்கும் முந்திரி பக்கோடாவுக்கும் ஏற்பாடு செய்து, ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவைத் தட்டச்சு செய்கிறவள் என்று அர்த்தம்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருப்பவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் நடக்காது என்று அம்மா சொன்னாள். மூன்று நாளாகக் குடத்தில் தண்ணீர் தூக்குகிறேன்.

பிப்ரவரி 8, புதன்

கம்பெனியிலிருந்து ஆல்வின் என்ற பையன் வந்து விளக்கினான். பளபளவென்று ஷூ. எங்கள் வளாகத்து உப்புப் புழுதி அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டது.

மூன்று வகை இருக்கிறதாம். ஒன்று, ஆளுக்கு ஒரு உரிமம்: யார் பெயரில் வாங்குகிறோமோ அவர் மட்டும்தான் திறக்கலாம். இரண்டு, கணினிக்கு ஒரு உரிமம்: அந்தக் கணினியில் மட்டும் ஓடும். மூன்றாவது, பொதுவாகப் பத்து வாங்கி வைத்துக்கொள்வது. எங்கள் களப்பணி சைக்கிள்கள் மாதிரி. பத்து நிற்கும்; வேலை இருக்கிறவர் எடுத்துப் போவார், முடிந்ததும் நிறுத்திவிடுவார், அடுத்தவர் எடுப்பார். எடுக்கும்போது தன் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான். விலையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"பன்னெண்டு சயின்டிஸ்ட், பன்னெண்டு பேரு. முதல் வகைதான் நமக்கு மரியாதை," என்றார் இயக்குநர்.

எங்கள் நிலையத்தில் பன்னிரண்டு விஞ்ஞானிகள், இருபத்து மூன்று ஒப்பந்த ஆய்வாளர்கள். பன்னிரண்டு பேரில் அந்த மென்பொருளைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மீதிப் பத்துப் பேரின் கடவுச்சொற்களும் என் பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாளில் ஒட்டியிருக்கின்றன. ஒப்பந்தப் பிள்ளைகள் காலையில் வந்து, "மேடம், இன்னிக்கு யாரு பேரு?" என்று கேட்டு வாங்கிப்போவார்கள். எங்கள் வழக்கம் இது. யாருக்கும் இதில் வெட்கமில்லை, எனக்கும் இருந்ததில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

ஆல்வின் கொடுத்துவிட்டுப் போன படிவத்தை நிரப்பி அனுப்பினேன். நாற்பத்தொரு கேள்வி. "எத்தனை வளாகங்கள்?" என்ற இடத்தில் இரண்டு என்று போட்டேன். உடனே அவனிடமிருந்து போன்.

"மேடம், கோடியக்காடு களப்பிரிவுல யாராச்சும் யூஸ் பண்றாங்களா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்கு மேடம்?"

"அங்கயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல."

இருக்கிறது. காவல்காரர் அதன் மேல் துண்டு காயப்போடுகிறார். இருந்தாலும் போட்டேன். கூடுதல் செலவு இல்லை என்று அவனே சொன்னான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஒரு வாரச் சோதனைக்கு ஆல்வின் முதல் வகையை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். புதுப் பதிப்பில் கடவுச்சொல் மட்டும் போதாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் உரிமக்காரரின் செல்போனுக்கு ஓர் எண் வரும். அதைப் போட்டால்தான் திறக்கும்.

காலை ஒன்பதரைக்கு நிஷா உட்கார்ந்தாள். ரஹ்மத் நிஷா, ஒப்பந்த ஆய்வாளர், தலைஞாயிறு பக்கத்து வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. நூற்றுத்தொண்ணூறு இடத்தில் தானே குழி தோண்டி மண் எடுத்தவள். ஜூனில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வழிகாட்டி இயக்குநர்தான். எண் அவர் போனுக்குப் போனது. அவர் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். இன்னொரு விஞ்ஞானியின் பெயரில் முயன்றாள். மகளுக்குப் பரீட்சை என்று அவர் தன் போனை அணைத்து வைத்திருந்தாராம். மூன்றாமவர் எண்ணைச் சொன்னார், ஆனால் ஒன்றை ஏழு என்று சொன்னார். பன்னிரண்டரைக்குத் திறந்தது. ஒன்றரைக்கு மின்சாரம் போனது.

"மேடம், இதுதான் வந்துச்சுன்னா நான் ஜூன்ல முடிக்க முடியாது," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் அப்படித்தான், முனைவர் பட்டம் சரிப்பட்டு வரல, விட்டுட்டேன். உலகம் ஒண்ணும் இடிஞ்சிடல," என்று சொல்லி வைத்தேன். ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 15, புதன்

மோட்டார் சரியானது. உள்ளே காயில் எரிந்துபோயிருந்ததாம். நான் முதல் நாளே சொன்னேன்.

பிப்ரவரி 20, திங்கள்

பழைய மென்பொருள் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. இன்றுதான் முழுதாகத் திறந்து பார்த்தேன். யார் பெயரில், எந்தக் கணினியில், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை நேரம் வேலை செய்தார்கள் என்று ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறது. என்னைவிட ஒழுங்கானது.

போன ஆண்டில் இயக்குநர் பெயரில் மட்டும் நானூற்றுப் பதினாறு முறை. அவருடைய கணினியில் ஒரு முறைகூட இல்லை. டிசம்பர் 19 அன்று அவர் குடும்பத்தோடு திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டார். லட்டு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்ததால் தேதி நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவர் இங்கே கணினி அறையில் மூன்று மணி நேரம் மண் ஆய்வு செய்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்தைய பக்கங்களும் அதில் இருந்தன. அவற்றைப் படிக்கவில்லை. தேவையில்லாதது.

பிப்ரவரி 24, வெள்ளி

இயக்குநர் கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். அவர் நாற்காலி காட்டினால் கவனமாக இருக்க வேண்டும்.

"என்னம்மா மங்கை, நோட் ரெடியா?"

"மூணாவது வகைதான் சார் நமக்குச் சரி. வேலை செய்யறவங்க இருபத்து மூணு பேரும் ஒப்பந்தக்காரங்க."

"அவங்க இன்னிக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. லைசென்ஸ்னா ஒரு பொறுப்பு இருக்கும்மா. பேப்பர் வெளிய போறப்ப அடியில யாரு பேரு இருக்குன்னு உலகம் பாக்குது."

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மென்பொருளில் எடுக்கும் ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் 'உரிமம் பெற்றவர்' என்று போட்டு ஒரு பெயர் அச்சாகும். அழிக்க முடியாது. அழிக்க முடியுமா என்று யாரும் முயன்றதும் இல்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு யோசிச்சேன். பன்னெண்டோட நிறுத்த வேணாம். பதிமூணா வாங்குவோம். பதிமூணாவது உங்க பேரு. எத்தனை வருஷமா உழைக்கிறீங்க, உங்களுக்கும் ஒரு அங்கீகாரம் வேணாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது.

பிப்ரவரி 25, சனி

மாவு அரைத்தேன். புளித்த மாவு தீரவில்லை, அதற்குள் புதுசு. ரேஷனுக்குப் போனேன், பாமாயில் வரவில்லை.

க. மங்கையர்க்கரசி.
உரிமம் பெற்றவர்: க. மங்கையர்க்கரசி.

பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன்.

இவரிடம் சொன்னேன். தட்டில் இருந்து நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல கம்பத்துல ஏறுறவன் ஒருத்தன், ரிஜிஸ்டர்ல பேரு இன்னொருத்தன்னா, தெரியாம கரண்டை விட்டு ஆளு செத்துடுவான்," என்றார்.

"எங்க ஆபீஸ்ல சாக மாட்டாங்க."

"பின்ன?"

"உயிரோட இருப்பாங்க."

அவர் அடுத்த தோசையைக் கேட்கவில்லை. நானும் ஊற்றவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

இயக்குநர் அடுத்த மாதம் ஹைதராபாத் கருத்தரங்கில் பேசுகிறார். படங்களைக் கணினியில் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார். கடைசியான பதினான்காவது படம் தலைஞாயிறு வரைபடம். நிஷாவின் நூற்றுத்தொண்ணூறு குழிகளும் அதில் இருக்கின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவள் தேர்ந்தெடுத்த அதே நிறங்கள். அடியில், உரிமம் பெற்றவர்: டாக்டர் வி. ஞானசம்பந்தம்.

நிஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார் கேட்டாங்க, கொடுத்தேன் மேடம். கைடுதானே. நன்றி சொல்ற பக்கத்துல என் பேரு போடறேன்னாங்க."

"எத்தனையாவது பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். டிரைவருக்கு அடுத்தது.

மார்ச் 1, புதன்

பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் கோப்பு இருக்கிறது. இன்று இறக்கித் தூசி தட்டினேன். டைரியில் பொய் எழுதி என்ன லாபம், புண்ணாக்கு மூட்டைதான் படிக்கப்போகிறது.

என் முனைவர் பட்டம் 'சரிப்பட்டு வராமல்' போகவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் கோடியக்காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்தேன். அப்போது நானும் ஒப்பந்தம்தான், வழிகாட்டி ஞானசம்பந்தம். அவர் கடவுச்சொல்லில் வரைபடம் எடுத்தேன், அவர் பெயர் அடியில் வந்தது. அதைக் கருத்தரங்கில் காட்டினார், பிறகு கட்டுரையாகப் போட்டார், விருது வந்தது. பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேட்டைப் பார்த்தவர்கள் கேட்டார்கள்: இந்த வரைபடம் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வெளிவந்திருக்கிறதே, இதில் உங்களுடையது எது? நான் குழிகளைச் சொன்னேன். குழிக்கு எங்கே அத்தாட்சி? ஞானசம்பந்தம் சாரிடம் ஒரு கடிதம் கேட்டேன். "பாக்கலாம்மா," என்றார். ஆறு மாதம் பார்த்தார். அந்த வருடமே தொழில்நுட்ப அலுவலர் வேலை காலியானது. வாங்கிக் கொடுத்தார். நன்றி சொன்னேன். அவர் காலில் விழாத குறை.

இத்தனை வருடமாகக் கடவுச்சொல் தாளை என் பீரோவில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கோபம் அவர் மேல் பாதிதான்.

தாளைக் கிழித்துப் போட்டேன். கோந்து மட்டும் வரவில்லை, நாளைக்குச் சுரண்ட வேண்டும்.

மார்ச் 3, வெள்ளி

இன்று குழு கூடியது. வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் குறிப்பு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தட்டச்சு செய்த நகல் இயக்குநருக்குப் போகும். அவர் பென்சிலால் திருத்துவார். திருத்தியதுதான் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறிவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் பக்க எண் உண்டு. ஒன்றை உருவினால் எண் விட்டுப்போகும், தணிக்கையில் கேள்வி வரும். அதனால் நான் நகலே எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் கோப்பிலேயே நேராகக் கையால் எழுதினேன். பக்கம் 17, 18, 19. மூன்றாவது வகையைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இணைப்பில் உள்ள பதிவுகள். கடைசிப் பத்தி: "பதினொரு ஆண்டுகளாகப் பிறர் பெயரில் மென்பொருளைத் திறந்ததிலும், திறக்கக் கொடுத்ததிலும் எனக்கும் பங்கு உண்டு. பதிமூன்றாவது பெயராக என்னைச் சேர்க்க வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி.

வெளி உறுப்பினர் பேராசிரியர் அமலோற்பவம். புள்ளியியல், ஓய்வு பெற்றவர். வெளி உறுப்பினர்கள் எங்களிடம் டீ குடிப்பார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், கார் ஏறுவார்கள். கோப்பு எப்போதும் முதலில் இயக்குநரிடம்தான் போகும். நான் அந்த அம்மாவிடம் வைத்தேன். பக்கோடாவை இயக்குநரிடம் வைத்தேன்.

அந்த அம்மா மூன்று பக்கத்தையும் படித்தார். இணைப்பையும் படித்தார். அதற்குள் பக்கோடாத் தட்டு பாதி காலி.

"ஞானசம்பந்தம், டிசம்பர் பத்தொம்பது எங்க இருந்தீங்க?"

"டிசம்பரா? திருப்பதி. ஏன் மேடம்?"

"இங்க பத்து பன்னெண்டுக்கு உங்க பேர்ல திறந்து மூணு மணி நேரம் வேலை நடந்திருக்கு."

இயக்குநர் கோப்பை வாங்கிப் பார்த்தார். பக்க எண்களைத்தான் முதலில் பார்த்தார். "இது என்ன கையால எழுதியிருக்கு? டிராஃப்ட் எனக்கு வரலியே?"

"முப்பத்தொண்ணு நெருங்குது சார். நேரமில்ல."

"மேடம், அது நம்ம பசங்க திறந்தது. இங்க அப்படி ஒரு வழக்கம்."

"அப்ப வேலை பசங்க பாக்குறாங்க. லைசென்ஸ் யாருக்கு வாங்கணும்? இதுக்கு எதுக்குக் குழு? நான் தஞ்சாவூர்லயே தூங்கியிருப்பேனே," என்றார் அமலோற்பவம். பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழேயே, பக்கம் 19-இல், 'ஏற்கிறேன்' என்று எழுதிவிட்டார். மற்ற இரண்டு விஞ்ஞானிகளும் இயக்குநரைப் பார்த்தார்கள், பிறகு பேராசிரியரைப் பார்த்தார்கள், பிறகு கையெழுத்துப் போட்டார்கள்.

இயக்குநர் கடைசியாகப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது. நான் கோப்பை வாங்கி நாடாவைக் கட்டினேன்.

மார்ச் 6, திங்கள்

யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. நிஷா உட்கார்ந்தாள். கத்திரிக்காய் தொக்கு கொண்டுவந்திருந்தாள், நன்றாக இருந்தது.

மார்ச் 13, திங்கள்

இரண்டு உத்தரவுகள் ஒரே நாளில் வந்தன. பொது உரிமம் பத்து வாங்க ஒப்புதல், இரண்டு வளாகங்களுக்கும். அது ஒன்று. "கடவுச்சொற்களைத் தவறாகக் கையாண்டதாகத் தாமே ஒப்புக்கொண்டுள்ள" திருமதி மங்கையர்க்கரசி கோடியக்காடு களப்பிரிவுக்கு மாற்றம், இது இரண்டாவது. பக்கம் 19-ஐ இயக்குநர் மேற்கோள் காட்டியிருக்கிறார். என் எழுத்தை முதல்முறையாக என் பெயரோடு மேற்கோள் காட்டுகிறார், அதற்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இவர் உத்தரவை இரண்டு தரம் படித்தார். "அங்க என்ன இருக்கு?"

"உப்பு. ஒரு காவல்காரர். ஒரு கம்ப்யூட்டர்."

"மேல எழுதிப் போட்டுத் தடுத்துடலாமே?"

"எதுக்கு? போறேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது.

மார்ச் 17, வெள்ளி

கணினி அறைச் சாவியை ஒப்படைத்தேன். ஆல்வின் வந்து புது உரிமத்தை ஏற்றிவிட்டுப் போனான். ஷூவுக்குப் பதில் செருப்பு. முதலில் நிஷா திறந்தாள். தலைஞாயிறு வரைபடத்தை மறுபடி எடுத்தாள். அடியில் 'உரிமம் பெற்றவர்: உவர்நில ஆராய்ச்சி நிலையம். பயனர்: ரஹ்மத் நிஷா'.

அதை இயக்குநருக்கு அனுப்பி, "சார், பழைய படம் பழைய லைசென்ஸ்ல எடுத்தது. இனிமே இதைத்தான் காட்டணும்," என்று போனிலும் சொல்லிவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"போனை வச்சுட்டாங்க மேடம்."

கருத்தரங்கில் இப்போது பதின்மூன்று படங்கள்தானாம்.

மார்ச் 20, திங்கள்

கோடியக்காடு. பஸ் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. காவல்காரர் பக்கிரிசாமி என்னைப் பார்த்ததும் கணினி மேலிருந்த துண்டை அவசரமாக எடுத்தார்.

"மேடம் பழைய ஆளாச்சே! மண்ணு தோண்ட வருவீங்களே, தொப்பி போட்டுக்கிட்டு!"

பதினொரு வருடத்தில் என்னை அங்கே பார்த்ததாகச் சொன்ன முதல் ஆள். குழிக்கு அத்தாட்சி கேட்டார்களே. இங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது, லுங்கியோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 23, வியாழன்

கணினியைத் துடைத்து, எலி கடித்த கம்பியை மாற்றினேன். மின்வாரியக்காரர் மனைவிக்கு இதுகூடத் தெரியாதா? மென்பொருள் திறந்தது. திறக்காதா பின்னே, படிவத்தில் இரண்டு வளாகம் என்று எழுதியது யார்?

யார் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டது. அடித்தேன். மஞ்சள் கோப்பிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களையும் ஏற்றினேன். மத்தியானம் வரைபடம் வந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய கோடியக்காடு, கிழக்கு ஓரம் மட்டும் சிவப்பு. இப்போது ஜன்னல் வழியே பார்த்தால் மேற்கிலும் உப்பு வெள்ளையாகப் பூத்துக்கிடக்கிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யாரும் அளந்ததில்லை. அளந்தால் அது புது ஆய்வு. ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வந்துவிட்டதே என்று எவரும் சொல்ல முடியாது. அமலோற்பவம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பி.எச்டி.க்கு மறுபடி பதிஞ்சுடு. வயசெல்லாம் யாரு கேக்கறா?" என்றார்.

அச்செடுத்தேன். அடியில் என் பெயர். எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

மண் துளைப்பான் துருப்பிடித்திருந்தது. பக்கிரிசாமி எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முதல் குழி வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி.

அலுவலகத் தபாலில் இன்று அனுப்பியதன் நகல்:

"பெறுநர்: இயக்குநர். பொருள்: கோடியக்காடு உவர்நில வரைபடம். இணைப்பில் உள்ள வரைபடத்தின் பயனர் பெயர் அதன் அடியில் உள்ளது. அதே 212 இடங்களில் மீண்டும் மண் எடுக்கும் பணி நாளை காலை தொடங்குகிறது. இதற்குத் தங்கள் பதில் தேவையில்லை. தகவலுக்காக மட்டும்."